மண்ணூர்பேட்டைக்காரனும் ஆறு மாதப் பனியும்

போன வாரம் காலையில் மண்ணூர்பேட்டை பஸ் ஸ்டாப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மார்கழி பிறந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. தலையில் குல்லாவும் கழுத்தில் மஃப்ளருமாக வந்த நண்பர் ஒருவர், "என்ன சார், இந்த வருஷம் குளிர் தாங்க முடியலையே" என்றார். போனை எடுத்துப் பார்த்தேன். 21 டிகிரி. சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. என் காதிலும் பஞ்சு இருந்தது.

"நீங்க கனடாவுல ஒரு குளிர்காலம் முழுக்க இருந்தவராச்சே, எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்டார். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் தொழிலைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் 34 வருஷம் ஹீட் ட்ரீட்மெண்ட் ஷாப். இரும்புச் சாமானை 850 டிகிரிக்குக் காய்ச்சி எண்ணெயில் முக்கி எடுக்கிற வேலை. சித்திரை மாதத்தில் ஃபர்னஸ் முன்னால் நின்றவனுக்கு வெயிலைப் பற்றிச் சொல்ல ஆயிரம் இருக்கும். குளிர் என்றால் ஐஸ் தண்ணீர்தான் தெரியும். 2009-ல் ரிடையர் ஆனேன்.

2013-ல் மகள் உண்டானாள். மாப்பிள்ளை கல்பாக்கத்தில் வேலை பார்த்துவிட்டுக் கனடாவுக்குப் போனவர். ஒன்டாரியோ மாநிலத்தில், ஹூரான் ஏரிக்கரையில் ப்ரூஸ் அணுமின் நிலையம் என்று பெரிய நிலையம். 8 உலைகள். கல்பாக்கத்தில் ஓடுவதும் அங்கே ஓடுவதும் கனநீர் உலைகள்தான், ஒரே குடும்பம் என்பார் மாப்பிள்ளை. 2011 டிசம்பரில் கனடா அரசு 'சூப்பர் விசா' கொண்டுவந்திருந்தது. பெற்றோர் போனால் ஒரே தடவையில் 2 வருஷம் வரை தங்கலாம் என்று அப்போது இருந்தது. 1 லட்சம் டாலருக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. பேறுகாலம் பார்க்க நானும் என் வீட்டுக்காரியும் அக்டோபரில் கிளம்பினோம். லேகியம், சுக்கு, பூண்டு, பெருங்காயம் என்று ஒரு பெட்டி. துணி ஒரு பெட்டி.

கனடா என்றால் டொரண்டோ, ஸ்கார்பரோ, தமிழ்க் கடை, கோயில் என்று நினைத்துக்கொண்டு போனேன். மாப்பிள்ளை வீடு டொரண்டோவிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். கின்கார்டின் என்ற சின்ன ஊர். வீடு அந்த ஊருக்குள்ளும் இல்லை. ஊரைத் தாண்டிச் சில கிலோமீட்டர், வயலுக்கு நடுவே நேர்க்கோடு போட்ட மாதிரி ஒரு ரோடு, அதில் தனியாக ஒரு வீடு. பக்கத்து வீடு அரை கிலோமீட்டர். அதைத் தாண்டினால் காற்றாலைகள் மட்டும்தான். கறிவேப்பிலை வாங்க 2 மணி நேரம் காரில் போக வேண்டும்.

போன மறு வாரம் ஒரு காட்சி. மாப்பிள்ளையும் பக்கத்துப் பண்ணைக்காரரும் வாசலிலிருந்து ரோடு வரை இரண்டு பக்கமும் குச்சி நட்டார்கள். ஆள் உயரத்துக்கு ஆரஞ்சுக் கலர்க் குச்சி. நம்ம ஊரில் சர்வேயர் கல் நடுகிற மாதிரி. "எதுக்கு மாப்பிள்ளை?" என்றேன். "பனி விழுந்தா ரோடு எது, வயல் எது, தோட்டம் எதுன்னு தெரியாது மாமா. பனி தள்ளுற வண்டிக்கு அடையாளம். தரை உறைஞ்ச பிறகு குச்சி இறங்காது. அதான் இப்பவே" என்றார். அந்தப் பண்ணைக்காரருக்கு 78 வயது. மனைவி இல்லை. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். மாப்பிள்ளை சிரித்துவிட்டு, "ஏப்ரல் வரைக்கும் இந்தக் குச்சிதான் உங்க சொந்தக்காரங்கன்னு சொல்றார்" என்றார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

நவம்பர் பாதியிலேயே தொடங்கிவிட்டது.

முதல் நாள் பார்க்க அழகுதான். போட்டோ எடுத்து அனுப்பினோம். பத்தாம் நாள் போட்டோ எடுக்கத் தோன்றவில்லை. அந்தக் கரையில் மட்டும் ஏன் இவ்வளவு பனி என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். வடமேற்கிலிருந்து வருகிற வறண்ட குளிர்காற்று ஏரி மேலே வரும். ஏரித் தண்ணீர் இன்னும் கோடைச் சூட்டை முழுக்க விட்டிருக்காது. காற்று அந்த ஈரத்தை அள்ளிக்கொண்டு கரை ஏறியதும் பனியாகக் கொட்டும். கேட்டதும் புரிந்துவிட்டது. நம்ம வடகிழக்குப் பருவமழையும் இதே கணக்குதானே. வங்காள விரிகுடா மேலே வருகிற காற்று ஈரத்தை அள்ளி வந்து நம் தலையில் கொட்டுகிறது. எனக்கு ஏரி என்றால் கொரட்டூர் ஏரி. ஹூரான் ஏரியின் பரப்பு கிட்டத்தட்ட 60,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு பெரிய ஏரி அனுப்புகிற பனி எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் காலை 8 மணிக்குத்தான் சூரியன். சாயங்காலம் 5 மணிக்கு இருட்டு. நடுவிலும் வெயில் இருக்காது, வெள்ளையடித்த மாதிரி ஒரு வானம். வீட்டுக்குள்ளே 21 டிகிரி வைத்திருப்பார்கள். அதிலேயே தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாக இருக்கும். வெந்நீரில் வைத்துத்தான் தலைக்குத் தேய்க்க வேண்டும். இட்லி மாவு புளிக்காது. ஓவனுக்குள் லைட்டை மட்டும் போட்டு மாவுப் பாத்திரத்தை ராத்திரி முழுக்க உள்ளே வைப்பாள் மகள். ஹீட்டர் காற்றில் உதடு வெடிக்கும். கதவுப் பிடியைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கும். இதெல்லாம் பழகிக்கொள்ளலாம். பழக முடியாதது சும்மா இருப்பதுதான்.

பெண்களுக்கு வேலை இருந்தது. டிசம்பர் நடுவில் பேத்தி பிறந்தாள், சுகப்பிரசவம். என் வீட்டுக்காரிக்குப் பத்தியச் சமையல், குழந்தைக்கு எண்ணெய், குளியல் என்று நாள் பறந்தது. மாப்பிள்ளைக்கு 12 மணி நேர ஷிப்ட். எனக்கு ஒன்றும் இல்லை. வாசலில் காலை வைத்தால் வழுக்கும். பேச ஆளில்லை. பேப்பர் இல்லை. ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். காலையில் உட்கார்ந்தால் இருட்டும் வரை. சாப்பாட்டில் குறை சொன்னேன். ஒன்றுமில்லாததற்கு வீட்டுக்காரியிடம் எரிந்து விழுந்தேன். "நீங்க ஜன்னலையே முறைச்சிக்கிட்டிருந்தா பனி பயந்து நின்னுடுமா?" என்று ஒருநாள் கேட்டாள். பதில் சொல்லாமல் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று இப்போது தெரிகிறது. அப்போது என்னவோ எல்லாரும் என்னைக் கொண்டுவந்து அடைத்துவிட்ட மாதிரிதான் இருந்தது.

எனக்கென்று இரண்டு வேலை கொடுத்திருந்தார் மாப்பிள்ளை. ஒன்று, வாசலிலிருந்து தபால் பெட்டி வரை ஒரு ஆள் நடக்கிற பாதையைத் தினமும் வாரி வைப்பது. வாரும் முறையைப் பண்ணைக்காரர் வந்து காட்டினார். தூக்காதே, தள்ளு. அள்ளினாலும் கொஞ்சமாக அள்ளு. நின்று நின்று செய். அங்கே வருஷா வருஷம் பனி வாரும்போது மாரடைப்பு வந்து சாகிறவர்கள் உண்டு. விழுந்த அன்றே வாரினால் பஞ்சு, இரண்டு நாள் விட்டால் பாறை. "முழு வாசலையும் சுத்தம் பண்ணணும்னு நினைக்காதே, உன்னால முடியாது. பாதையை மட்டும் விடாதே" என்று மகளை விட்டு மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னார்.

இரண்டாவது வேலை, வீட்டின் பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு வெள்ளைப் பைப்புகளைப் பனி மூடாமல் பார்த்துக்கொள்வது. கீழ்த்தளத்தில் இருக்கிற கேஸ் ஃபர்னஸ் மூச்சு விடுகிற வழி அது. ஒரு பைப் காற்றை உள்ளே இழுக்கும், ஒன்று புகையை வெளியே தள்ளும். "நீங்க ஃபர்னஸ் பார்த்த ஆள், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை மாமா" என்றார்.

சொல்ல வேண்டியதில்லைதான். ஆனால் ஜனவரி முதல் வாரத்தில் நான் இரண்டையும் விட்டுவிட்டேன்.

2014 ஜனவரி. துருவத்துக் குளிர் அப்படியே இறங்கி வந்து கனடாவையும் அமெரிக்காவையும் பிடித்துக்கொண்ட வாரம். 'போலார் வோர்ட்டெக்ஸ்' என்று டிவியில் அதே பேச்சு. மைனஸ் 20-க்குக் கீழே போனது. கூடவே ஏரிப்பக்கமிருந்து காற்று. கையை நீட்டினால் விரல் தெரியாத அளவுக்கு வெள்ளை. ரோட்டை மூடிவிட்டார்கள். மூடிய ரோட்டில் வண்டி ஓட்டினால் போலீஸ் பிடிக்கும். நிலையத்துக்குப் போன மாப்பிள்ளைக்கு மாற்று ஆள் வர முடியாததால் அங்கேயே தங்கிவிட்டார். வீட்டில் நான், வீட்டுக்காரி, மகள், மூன்று வாரக் குழந்தை.

அந்த இரண்டு நாளும் நான் வெளியே போகவில்லை. 'இந்தக் காற்றில் வாரி என்ன ஆகப்போகிறது, பத்து நிமிஷத்தில் மூடிவிடும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நாற்காலியிலேயே இருந்தேன்.

இரண்டாம் ராத்திரி 4 மணி இருக்கும். குழந்தை வீறிட்டு அழுதது. மகள் வந்து எழுப்பினாள். "அப்பா, வீடு சில்லுனு இருக்குப்பா." சுவரில் பார்த்தால் 13 டிகிரி. கீழே ஓடினேன். ஃபர்னஸ் நின்றிருந்தது. மின்சாரம் இருக்கிறது, கேஸ் இருக்கிறது, ஆனால் பற்றவில்லை. ஒரு சின்ன விளக்கு மட்டும் மினுக் மினுக்கென்று எரிந்தது. அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பைப்பைப் பனி மூடிவிட்டது. புகை போக வழியில்லை என்றால் அந்த மெஷின் தானாக நின்றுவிடும். நின்றது நல்லதுக்குத்தான். நிற்காமல் ஓடியிருந்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வந்திருக்கும். வாசனை இல்லாத விஷம். 34 வருஷம் ஃபர்னஸ் பார்த்தவன், பேத்தி தூங்குகிற வீட்டில் பைப்பை மூடவிட்டேன்.

கோட்டு, பூட்ஸ், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு மண்வெட்டியோடு கதவைத் திறந்தேன். வாசல் இல்லை. இடுப்பளவு வெள்ளைச் சுவர். பைப் இருக்கும் இடம் கதவிலிருந்து முப்பது அடிகூட இருக்காது. அந்த முப்பது அடியில் வழி தப்பிச் செத்தவர்கள் உண்டு என்று பண்ணைக்காரர் சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் வீட்டுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டுதான் போவார்களாம். நான் இடது கையைச் சுவரிலிருந்து எடுக்காமல் போனேன். என் வீட்டுக்காரி உள்ளேயிருந்து கரண்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே இருந்தாள், பைப் இருக்கிற இடத்தில் நின்று. அந்தச் சத்தத்தை வைத்துத்தான் இடத்தைக் கண்டுபிடித்தேன். மண்வெட்டி பட்டால் பைப் உடையும் என்று கடைசியில் கையால் தோண்டினேன். இரண்டு வாயும் திறந்தது. உள்ளே வந்து ஃபர்னஸ் ஸ்விட்சை அணைத்துப் போட்டேன். கொஞ்ச நேரம் விசிறிச் சத்தம், பிறகு 'டப்' என்று பற்றிக்கொண்டது. வாழ்க்கையில் எத்தனையோ ஃபர்னஸ் பற்றவைத்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அதன் முன்னால் உட்கார்ந்து அழுதேன். விரல் நுனி மரத்துப்போய் இரண்டு நாள் உணர்ச்சியில்லாமல் இருந்தது. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் காலையில் கரண்டும் போனது. அங்கே கிராமத்து வீடுகளுக்குக் கிணற்று மோட்டார்தான். கரண்ட் போனால் தண்ணீரும் போச்சு. ஃபர்னஸுக்கும் விசிறி சுற்றக் கரண்ட் வேண்டும். நல்லவேளை, கீழ்த்தளத்தில் ஒரு விறகு அடுப்பு இருந்தது. எல்லாரும் அங்கே இறங்கிவிட்டோம். குடிக்கிற தண்ணீரை மகள் முன்னாலேயே பிடித்து வைத்திருந்தாள். மற்ற புழக்கத்துக்குப் பனியை அள்ளி அடுப்பில் வைத்தோம். ஒரு அண்டா நிறையப் பனி போட்டால் அடியில் ஒரு சொம்புத் தண்ணீர்தான் நிற்கும். அந்தச் சொம்பைப் பார்த்தபோது எனக்கு 2003 ஞாபகம் வந்தது.

2003-ல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம். புழல் ஏரியில் கிரிக்கெட் ஆடிய வருஷம். எங்கள் அப்பா விட்டுப்போன ஒரு கிரவுண்டு மனையில் அண்ணன் ஒரு பாதி, நான் ஒரு பாதி. போர் என் பாதியில் இருந்தது. தண்ணீர் கீழே போய்விட்டது, ஆழப்படுத்த வேண்டும். செலவு யார் எவ்வளவு என்பதில் பேச்சு வந்தது. ஒருநாள் நான் மோட்டாரை அணைத்துவிட்டேன். அண்ணி குடத்தோடு லாரித் தண்ணீர் வரிசையில் நின்றார். அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மாதம் நடுவில் ஐந்தடிச் சுவர் எழுப்பினார். அதோடு பத்து வருஷம். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமினால் எனக்குக் கேட்கும். கனடா போகும்போதும் சொல்லிக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் சரியாக 6 மணிக்குப் போன் அடித்தது. வயர் வைத்த பழைய போன். வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும். பண்ணைக்காரர்தான். குளிர்காலம் முழுக்க தினமும் 6 மணிக்குக் கூப்பிடுவார், மகள்தான் எடுத்து இரண்டு வார்த்தை பேசுவாள். நலம்தானா என்று கேட்கத்தான் என்று நினைத்திருந்தேன். மறுநாள் காற்று அடங்கியதும் டிராக்டரில் வந்து வாசலைத் திறந்துவிட்டார். உள்ளே வந்து டீ குடிக்கும்போது விஷயத்தைச் சொன்னார். அந்த ரோட்டில் ஐந்து வீடு. வரிசையாக ஒருவர் அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். யாராவது எடுக்கவில்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர் நேரே போய்ப் பார்க்க வேண்டும். அவர் மனைவி ஒரு குளிர்காலத்தில் கொட்டகைக்குப் போகும் வழியில் வழுக்கி விழுந்து வெகு நேரம் யாருக்கும் தெரியாமல் கிடந்தாராம். அதற்குப் பிறகு ஏற்படுத்திய பழக்கம். "பனியில பாதை ரெண்டு. ஒண்ணு மண்வெட்டியால திறக்கிறது, ஒண்ணு போனால திறக்கிறது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ தினமும் யாரைக் கூப்பிடுகிறாய்?" என்று கேட்டார்.

மகள் மொழிபெயர்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். நான் பதில் சொல்லவில்லை.

மூன்று நாள் யோசித்தேன். அந்த மூன்று நாளும் பாதையை வாரினேன். நான்காம் நாள் காலை 8 மணிக்கு, வாரி முடித்த பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து நம்பரைப் போட்டேன். மண்ணூர்பேட்டையில் மாலை ஆறரை. அண்ணிதான் எடுத்தார். என் குரலைக் கேட்டதும் ஒன்றும் பேசாமல் போனைக் கொடுத்துவிட்டார்.

"யாரு?" என்றார் அண்ணன்.

"நான்தாண்ணே."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "அங்க ரொம்பக் குளிர்னு நியூஸ்ல காட்டினான். குழந்தை நல்லா இருக்கா?" என்றார்.

அவ்வளவுதான். மோட்டாரைப் பற்றி நானும் பேசவில்லை, சுவரைப் பற்றி அவரும் பேசவில்லை. எத்தனை அடி பனி என்று கேட்டார். சொன்னேன். "பொய் சொல்லாதடா" என்றார். மறுநாளும் கூப்பிட்டேன். பிறகு தினமும். பெரிதாகப் பேச என்ன இருக்கிறது? எஸ்டேட்டில் எந்தக் கம்பெனி மூடினார்கள், தெருவில் யாருக்குக் கல்யாணம், இன்றைக்கு எத்தனை டிகிரி. மைனஸ் 24 என்றால் அங்கே எல்லாருக்கும் சத்தமாகச் சொல்லுவார். ஒருநாள், "மோட்டார் விஷயத்துல நான் பண்ணினது தப்புண்ணே" என்று ஆரம்பித்தேன். "கால் சார்ஜ் ஆகுது, வேற ஏதாவது பேசு" என்றார். மார்ச் 9-ஆம் தேதி அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்துவிட்டார்கள். மறுநாள் நான் வழக்கம்போல 8 மணிக்குக் கூப்பிட, இங்கே ஐந்தரை. "என்னடா, இன்னிக்குச் சீக்கிரமே கூப்பிட்டுட்ட, ஏதாவது பிரச்சினையா?" என்று பதறினார். அவரும் 6.30 மணிக்குப் போன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டிருந்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த வருஷம் குளிர் விடவே இல்லை. மார்ச் முதல் வாரத்தில் அங்குள்ள ஐந்து பெரிய ஏரிகளின் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் உறைந்துவிட்டதாகச் சொன்னார்கள். 1979-க்குப் பிறகு அவ்வளவு பரப்பு உறைந்ததில்லையாம். ஏரி உறைந்தால் காற்றுக்கு ஈரம் கிடைக்காது, பனிப்பொழிவு குறையும். ஆனால் விழுந்தது கரையாது. ஏப்ரலில்தான் குச்சிகளின் அடிப்பாகம் தெரிந்தது. மாப்பிள்ளையும் நானும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கட்டாகக் கட்டி வைத்தோம். பண்ணைக்காரர் வந்து என் மண்வெட்டியை வாங்கிப் பார்த்தார். முனை தேய்ந்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

மே மாதம் ஊர் வந்தோம். ஏர்போர்ட்டுக்கு அண்ணன் வரவில்லை, முட்டி வலி. வீட்டுக்குள் நுழைந்து பெட்டியை வைத்தேன். போன் அடித்தது. அண்ணன்தான். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

"வந்துட்டியா?"

"வந்துட்டேண்ணே."

சுவரை இடிக்கலாமா என்று ஒருமுறை கேட்டேன். "இடிக்க ஒரு செலவு, குப்பையை வார ஒரு செலவு. இருந்துட்டுப் போகட்டும்" என்றார். ஆக, சுவர் அப்படியே நின்றது. தினமும் மாலை ஆறரைக்கு இரண்டு கிழவர்கள் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்துகொண்டு போனில் பேசினோம். அவர் குரல் போனில் ஒரு தடவையும் சுவருக்கு மேலே ஒரு தடவையும் கேட்கும். தெருவில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

2016 டிசம்பர் 12 உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். வர்தா. முதல் நாளே புயல் செய்தி பார்த்துவிட்டு நான் டிரம், அண்டா, பக்கெட் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்தேன். கனடாப் பழக்கம். வீட்டுக்காரி கேலி பண்ணினாள். மறுநாள் தெரு முழுக்க மரம் சாய்ந்து, கம்பம் சாய்ந்து, கரண்டும் இல்லை, மொபைல் டவரும் இல்லை. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர ஐந்து நாள் ஆனது. அன்று ஆறரை மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன். லைன் இல்லை. அப்போது சுவருக்கு மேலே ஒரு டார்ச் வெளிச்சம் ஆடியது.

"டேய், இருக்கியா?"

"இருக்கேண்ணே. தண்ணி இருக்கா?"

"இல்லடா."

நாற்காலி மேல் ஏறி நின்று பக்கெட் பக்கெட்டாகச் சுவர் மேல் எடுத்து வைத்தேன். அண்ணன் அந்தப் பக்கம் முட்டி வலியோடு ஸ்டூலில் நின்று வாங்கிக்கொண்டார். ஐந்து நாளும் அப்படித்தான்.

2019-ல் அண்ணன் காலமானார். தூக்கத்திலேயே போனார். முதல் நாள் மாலை ஆறரைக்குப் பேசியிருந்தோம். முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி என்று ஏதோ சொன்னார்.

டீக்கடை நண்பருக்கு இதுதான் என் பதில். ஆறு மாதப் பனியை யாரும் ஜெயிக்க முடியாது. குச்சியை முன்னாலேயே நட வேண்டும், தண்ணீரை முன்னாலேயே பிடிக்க வேண்டும், அன்றன்றைக்கு விழுந்ததை அன்றன்றைக்கு வார வேண்டும். ஒரு ஆள் போகிற அகலம் போதும். நான் பத்து வருஷம் வாராமல் விட்டவன். பாறையாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினால் அதுவும் நகர்ந்தது.

மணி ஆறே கால் ஆகிறது. இப்போது ஆறரைக்கு அண்ணியைக் கூப்பிடுகிறேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், சத்தமாகப் பேச வேண்டும். மார்கழிக் குளிரில் வெளியே வராதீங்க அண்ணி என்று சொல்ல வேண்டும். 21 டிகிரிதான். ஆனாலும் சொல்ல வேண்டும்.